பூனைக்கு ஓர் ஓலைப்பந்து: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளை எப்படி விளையாட வைப்பது, அதற்கு வீட்டிலேயே என்ன செய்து கொடுக்கலாம் என்று கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

தக்கலை வாசகி: எங்கள் பூனைக்கு ஒன்றரை வயது. வெளியே விடுவதில்லை. கடையில் வாங்கிய எலிப் பொம்மையை இரண்டு நாள் கவ்விக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்மை வந்த அட்டைப்பெட்டிக்குள்தான் இப்போதும் உட்கார்ந்திருக்கிறது. பொம்மை பிடிக்கவில்லையா?

பிடித்துத்தான் இருந்தது. ஆனால் உங்கள் பூனையைப் பொறுத்தவரை அந்த எலி செத்து இரண்டு நாளாகிவிட்டது. பூனைக்கு விளையாட்டும் வேட்டையும் ஒன்றுதான். உற்றுப் பார்க்கும், பதுங்கும், பாயும், கவ்வும், தின்னும். இந்த வரிசையில் ஏதோ ஒன்றையாவது பொம்மை தந்துகொண்டே இருக்க வேண்டும். அசையாமல் கிடக்கிற, கடித்தாலும் கிழியாத, எப்போதும் ஒரே வாசனையுள்ள பொருள் எதையும் தராது.

பிரிட்டனில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜான் பிராட்ஷாவும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது பூனைகளின் ஆர்வம் சீக்கிரம் குறைந்தது. உடனே வேறொரு பொம்மையைக் கொடுத்ததும் மறுபடியும் துள்ளி விளையாடின. பூனைக்கு விளையாட்டு சலிக்கவில்லை, அந்தப் பொருள்தான் சலித்தது. அதனால் பத்துப் பொம்மையையும் ஒரே நேரத்தில் தரையில் கொட்டிவைக்காதீர்கள். மூன்றை மட்டும் வெளியே வையுங்கள், மற்றவை மூடிபோட்ட டப்பாவில் இருக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். துணிப் பொம்மையை உள்ளே வைக்கும் முன் வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட்டால், வாசனை மாறி அடுத்த முறை புதுப் பொருள் போலவே வரும்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதுங்க ஓர் இடம் கிடைத்திருக்கிறதே, அது நல்ல விளையாட்டுச் சாமான். ஸ்டேப்ளர் பின், செல்லோடேப், பிளாஸ்டிக் பட்டை எல்லாவற்றையும் அகற்றுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் 15 செ.மீ. அகலத்தில் இரண்டு துளை வெட்டுங்கள். ஒரே துளை இருந்தால், வீட்டில் இன்னொரு பூனையோ குழந்தையோ வந்து மறிக்கும்போது உள்ளே இருக்கும் பூனை மிரண்டுபோகும். பெட்டிகளை ஒட்ட மைதாப் பசை வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் எறும்பும் கரப்பானும் வந்துவிடும். பருத்தி நாடாவால் கட்டினால் போதும், நுனியை வெளியே தொங்கவிடாமல் வெட்டிவிடுங்கள்.

குளச்சல் வாசகர்: குச்சியில் நூல் கட்டிய தூண்டில் பொம்மையை வீட்டிலேயே செய்ய முடியுமா? தூண்டில் நரம்புக்கு இங்கே பஞ்சமில்லை.

செய்யலாம். ஆனால் தங்கூசி நரம்பை மட்டும் தொடாதீர்கள். மெல்லிய நைலான் பூனையின் ஈறையும் நாக்கின் அடியையும் அறுக்கும். காலில் சுற்றிக்கொண்டால் பூனை துள்ளத் துள்ள இறுகும். பழைய வலைத்துண்டும் அப்படித்தான், நகம் கண்ணியில் மாட்டிக்கொண்டால் பூனை பதறிப் பிய்க்கும். தூண்டில் முள், ஈயக்குண்டு இருக்கும் பெட்டியைப் பூனை நடமாடும் அறையிலேயே வைக்க வேண்டாம்.

குச்சிக்குப் புது வாரியலிலிருந்து நல்ல தடித்த ஈர்க்கில் எட்டு உருவிக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் எல்லாம் ஒரே முனையில் வரும்படி அடுக்கி, கைப்பிடியாக 15 செ.மீ. நீளத்துக்குப் பழைய பருத்தித்துணியை இறுகச் சுற்றித் தைத்துவிடுங்கள். மொத்த நீளம் 70 செ.மீ. இருக்கட்டும். நடுவில் இரண்டு இடத்திலும் நுனியிலும் துணியால் கட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் ஈர்க்கில் விரிந்து கண்ணில் குத்தும். நுனிக்கட்டின் மேல் ஒரு சிறு துணிக்குல்லாய் போட்டுத் தைப்பது கட்டாயம். ஒற்றை மூங்கில் குச்சியைவிட ஈர்க்கில் கட்டுதான் எங்களுக்குப் பிடித்தது. வளைந்து நிமிரும்போது நுனி தானாகவே துடிக்கும், பூனைக்கு வேண்டியது அந்தத் துடிப்புதான்.

நூலுக்குப் பதில் பாவாடை நாடா, அதாவது ஒரு செ.மீ. அகலமுள்ள பருத்தி நாடா, 90 செ.மீ. எடுங்கள். நுனியில் கட்டும் இரை 5 முதல் 6 செ.மீ. நீளமாக, 10 கிராம் அளவில் இருந்தால் போதும். பழைய காட்டன் சேலைத்துண்டைச் சுருட்டி, மேலே இன்னொரு துணி வைத்துத் தைத்து, இரண்டு விரல் நீளத்தில் துணிக்கீற்றுகள் நான்கைந்தை வால் போல் சேர்த்துத் தையுங்கள். பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். நாடாவை இரையில் முடிச்சுப் போட்டு விடுவதுதான் பலரும் செய்கிற தவறு. பூனை கவ்வி உதறும்போது முடிச்சு நழுவி, இரை வாயோடு போய்விடும். நாடாவின் நுனியை இரைக்குள் நுழைத்து, ஊசி ஆறேழு முறை குறுக்கே ஏறி இறங்கும்படி தைக்க வேண்டும். தைத்த பிறகு இரையைப் பிடித்து உங்கள் பலம் முழுவதையும் கொண்டு ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

கோழிக்கடையில் கிடைக்கும் இறகைக் கட்டலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கோழிக்கு இருக்கும் நோய்க்கிருமி இறகோடு வீட்டுக்குள் வரும், அதைப் பூனை கடித்துத் தின்னவும் செய்யும்.

செய்வதைவிட ஆட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. இரையைப் பூனையின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டாதீர்கள். எந்த எலியும் பூனையின் மூக்கைத் தேடி வராது. பூனையை விட்டு விலகிப் போகட்டும், சுவரோரமாகப் போகட்டும், கட்டில் காலுக்குப் பின்னால் மறைந்து நிற்கட்டும். நின்ற இடத்தில் வாலை மட்டும் லேசாக அசையுங்கள். இப்போது பூனையைப் பாருங்கள். கண்மணி விரிந்து கறுப்பாகும். காது இரண்டும் முன்னால் திரும்பும், மீசை முன்னே வந்து விரியும். வயிறு தரையைத் தொடும். பின்னங்கால் இரண்டும் மாறி மாறி மிதிக்க, இடுப்பு மட்டும் ஆடும். இந்த நொடியில் அவசரப்பட்டு இரையை இழுத்துவிடாதீர்கள். பதுங்கிக் காத்திருப்பதும் விளையாட்டுதான், சில பூனைகளுக்கு அதுதான் பெரும்பங்கு. பாய்வதில் மூன்றில் ஒரு முறையாவது பிடிக்க விடுங்கள். பிடித்ததைப் பிடுங்காதீர்கள், நாடாவைத் தளர்த்தி, அதுவாக விடும்வரை பொறுங்கள்.

ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். கடைசி மூன்று நிமிடம் இரையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முடிவில் நன்றாகக் கவ்விக்கொள்ள விட்டு, உடனே சாப்பாட்டை வையுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த சாளையில் முள் நீக்கிய ஒரு துண்டு போதும். பச்சைச் சாளையைத் தினமும் கொடுப்பது நல்லதில்லை. அதில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். கருவாடு என்றால் உப்பு ஏறாத நெத்தோலியாக இருக்க வேண்டும்.

வழவழப்பான டைல்ஸ் தரையில் உயரத் தாவ வைத்தால் இறங்கும்போது கால் வழுக்கும். ஒரு கோரைப்பாயை விரித்து அதன்மேல் விளையாட விடுங்கள். பூனை வாயைத் திறந்து இரைத்தால் உடனே நிறுத்துங்கள். கொஞ்சம் ஓடியதுமே அடிக்கடி அப்படி இரைத்தால் இதயத்தையும் நுரையீரலையும் மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.

விளையாட்டு முடிந்ததும் தூண்டிலைப் பூட்டக்கூடிய அலமாரிக்குள் வையுங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறோம்.

தோவாளை வாசகி: வீட்டில் பூக்கட்டுகிறோம். பூனைக்குட்டி வாழைநாரையும் நூலையும் இழுத்து விளையாடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. சில நேரம் மென்றுவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூல் நாக்கில் ஒட்டிவிட்டால் அதைத் துப்புவது பூனைக்குக் கடினம், விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு நுனி நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ மாட்டிக்கொள்ளும். மறுநுனி குடலுக்குள் போகும். குடல் அதைக் கீழே தள்ளத் தள்ள, நூல் நகராமல் நிற்க, குடல்தான் நூலின் மேல் ஏறி, பாவாடை நாடாவில் துணி சுருங்குவது போல மடிந்து மடிந்து சுருங்கும். இறுகிய நூல் குடலின் சுவரை அறுத்துவிடும். அறுவை சிகிச்சை இல்லாமல் இதில் பிழைப்பது அரிது. ரப்பர் பேண்ட், ஜிகினா, தையல் நூல், கிழித்த நாடா எல்லாமே இந்த வேலையைச் செய்யும். ஊசி கோத்த நூல் இன்னும் மோசம்.

திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, எச்சில் வழிவது, வயிற்றைத் தொட்டால் சீறுவது, கட்டிலுக்கடியில் போய் ஒடுங்குவது ஆகியவை அடையாளம். பின்புறத்தில் நூல் தொங்குவதைக் கண்டால் இழுத்துவிடாதீர்கள். வாயில் நூல் தெரிந்தாலும் இழுக்காதீர்கள், அந்த இழுப்பில் உள்ளே குடல் அறுபடலாம். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீரோ, வழுக்கட்டும் என்று எண்ணெயோ ஊற்ற வேண்டாம். அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், என்ன விழுங்கியது, எப்போது, எத்தனை நீளம் என்பதைச் சொல்லுங்கள். அதே நூலில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போவது மருத்துவருக்கு உதவும்.

பூக்கட்டும் நேரத்தில் குட்டியை வேறு அறையில் விடுங்கள். கட்டி முடித்ததும் வெட்டிய நாரையும் நூலையும் மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். பூக்களிலும் கவனம் வேண்டும். மல்லிகை, பிச்சி இவற்றால் பெரிய ஆபத்து இல்லை. அரளியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. நம் மாநிலப் பூவான செங்காந்தளும் கொடிய நஞ்சுதான், அதன் கிழங்கு இன்னும் கொடியது. பூங்கொத்துகளில் வைக்கும் லில்லி மலரின் மகரந்தம் மேலே உதிர்ந்து, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். இவற்றில் எதைக் கடித்ததாகச் சந்தேகம் வந்தாலும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குலசேகரம் வாசகர்: ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பாலைச் சுற்றிப் பிள்ளைகள் செய்யும் பந்து நன்றாகத் துள்ளுகிறது. பூனையும் விரும்புகிறது. கொடுக்கலாமா?

பிள்ளைகளோடு இருக்கட்டும், பூனைக்கு வேண்டாம். அந்தப் பந்து முழுவதும் ரப்பர் நாடாதான். பல் பட்டதும் பிரியும், இழுத்தால் நீளும், விழுங்கினால் மேலே சொன்ன கதைதான்.

பதிலாக ஓலைப்பந்து பின்னுங்கள். தென்னங்குருத்தோலையில் ஈர்க்கிலைக் கிழித்தெடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னும் அதே பின்னல்தான், கை தெரிந்தவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். பூனைக்காகக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பந்து 4 முதல் 5 செ.மீ. இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் கவ்வ முடியாது, சிறிதானால் தொண்டைக்கு ஆபத்து. ஓலை நுனிகளை வால் போல நீட்டிவிடாமல் உள்ளே மடித்துச் சொருகி, மிச்சத்தை ஒட்ட வெட்டுங்கள். மூடும் முன் காய்ந்த புளியங்கொட்டை இரண்டை உள்ளே போட்டால் உருளும்போது மெல்லக் கலகலக்கும். ஒலி அதிகமானால் பூனை ஓடி ஒளியும், இரண்டுக்கு மேல் வேண்டாம். நிறத்துக்காகக் குன்றிமணி போடுவதை அறவே தவிர்க்க வேண்டும். அதன் ஓடு உடைந்தால் உள்ளே இருப்பது உயிர்கொல்லி நஞ்சு, பூனைக்கு மட்டுமல்ல, தரையில் தவழும் குழந்தைக்கும்.

பச்சை ஓலையில் பின்னிய பந்து நான்கைந்து நாளில் காய்ந்து சுருங்கும், பின்னலில் இடைவெளி விழும். கொட்டை வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கினால் அதன் காலம் முடிந்தது. வேறு பின்னுங்கள், ஓலைக்கு என்ன குறை. பூனைக்கும் புதுப் பொம்மை கிடைத்தது போலாகும். கமுகம்பாளையைக் கவிழ்த்து அதன் வளைவுக்குள் பந்தை உருட்டிவிட்டால், பூனை இரண்டு பக்கமும் கைவிட்டுத் துழாவும். காய்ந்த பாளையின் விளிம்பு கையை வெட்டக்கூடியது, முன்பே கத்தரித்துவிடுங்கள்.

நாகர்கோவில் வாசகி: காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு. பூனை பகலெல்லாம் தனியே இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு என் காலைக் கடித்து எழுப்புகிறது. எழுந்து சாப்பாடு வைத்தால்தான் விடுகிறது.

பூனை விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் உயிர். பகலில் உங்கள் வீட்டில் அதற்கு வேலை இல்லை, நன்றாகத் தூங்கிவிடுகிறது. நாலு மணிக்குக் கடித்தால் சோறு வரும் என்பதை நீங்களே கற்றுக்கொடுத்தும்விட்டீர்கள்.

மாலை வந்ததும் தூண்டில் விளையாட்டு ஒரு முறை. இரவு பத்தரைக்கு இன்னொரு முறை, அதன் முடிவில் நாளின் பெரிய சாப்பாடு. வேட்டை முடிந்து, வயிறு நிறைந்து, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, பிறகு தூங்குவதுதான் பூனையின் வழக்கம். அந்த வரிசையைப் படுக்கும் நேரத்துக்கு நகர்த்துகிறோம். நாலு மணிக்கு எழாதீர்கள், திட்டாதீர்கள், காலை இழுக்கவும் வேண்டாம், கனத்த போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் முன்பைவிட அதிகமாகவே தொல்லை தரும். அந்தக் கட்டத்தில் மனமிரங்கி ஒரு முறை எழுந்துவிட்டால், இன்னும் நேரம் கடித்தால் பலிக்கும் என்றுதான் அது கற்கும்.

பகலுக்கு, சாப்பாட்டைத் தேடி எடுக்க வையுங்கள். நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப்பூனைக்கு உலர்தீவனம் மட்டுமே என்றால் நாளுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பகல் விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். கூடுதலாகக் கொடுத்தால் பூனை பெருத்துவிடும்.

முதலில் சிரட்டை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னையின் பெரிய தேங்காய் கிடைத்தால் நல்லது. கண்ணுள்ள பாதிச் சிரட்டைகள் மூன்று எடுத்து, உள்ளேயும் வெளியேயும் நாரைச் சுரண்டி, விளிம்பை உப்புத்தாளால் கை வழுக்கும்வரை தேயுங்கள். மூன்று கண்ணில் மெல்லியதைக் குத்தித் திறந்து, சுற்றிலும் அரத்தால் ராவி 2.5 செ.மீ. துளையாக்குங்கள். தட்டின் மேல் ஐந்தாறு தீவனத்தை வைத்துச் சிரட்டையைக் கவிழ்த்தால், மூக்குக்குத் துளை வழியே வாசனை வரும், கைக்கு எட்டாது. தள்ளிக் கவிழ்க்கக் கற்றுக்கொள்ளும். முதல் நாளே மூடிவைத்தால் புரியாமல் விலகிப்போகும் பூனைகள் நிறைய. மூன்று நாள் சிரட்டையை மல்லாக்க வைத்து அதிலேயே சாப்பிட விடுங்கள். பிறகு பாதி சாய்த்து வையுங்கள். கடைசியில் கவிழுங்கள்.

அடுத்தது 500 மி.லி. தண்ணீர் பாட்டில். மூடியையும் கழுத்து வளையத்தையும் கழற்றி எறியுங்கள். சூடேற்றிய ஆணியால் துளையிட்டால் விளிம்பு உருகி மழுங்கும், கத்தியால் வெட்டினால் கூர்மையாக நிற்கும். துளை, தீவனத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. முதல் பாட்டிலில் எட்டுத் துளை, வாயும் திறந்தே இருக்கட்டும். உருட்டினால் கொட்டும் என்று தெரிந்த பிறகு மூன்று துளையுள்ள இரண்டாவது பாட்டில். அதன் வாயில் துணியைத் திணிக்காதீர்கள், பிய்த்துத் தின்னும். பாட்டிலின் வாயை இன்னொரு பாட்டிலின் அடிப்பாகத்தால் மூடி, மேலே அகலத் துணிப்பட்டையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். முட்டை வைக்கும் அட்டைத்தட்டின் குழிகளில் ஒன்றிரண்டாகப் போட்டுவைப்பதற்கு எந்த வேலையும் இல்லை, ஆனால் அட்டையைத் தின்னும் பூனைக்கு அது ஆகாது.

எறும்பு வந்துவிட்டால் எல்லாம் வீண். ஓர் அகன்ற தாம்பாளத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் தட்டை வையுங்கள். மீன் போன்ற ஈரச் சாப்பாட்டைப் பகல் முழுவதும் வைக்கவே கூடாது. எறும்புப் பொடி, சாக்பீஸ் பக்கமும் போகாதீர்கள். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும்.

மார்த்தாண்டம் வாசகர்: லேசர் லைட் போதுமே, எதற்கு இத்தனை பாடு?

ஒளிப்புள்ளிக்குப் பின்னால் பூனை ஓடும், ஆனால் ஒருபோதும் அதைப் பிடிக்க முடியாது. வெகுநாள் இதையே செய்த பூனைகளில் சில, லைட் இல்லாதபோதும் சுவரில் விழும் நிழலையும் கடிகாரக் கண்ணாடியின் ஒளியையும் துரத்தத் தொடங்கிவிடும். வேறு வழியே இல்லாத நாளில் மூன்று நிமிடம் போதும். கடைசியில் ஒளிப்புள்ளியைத் துணி இரையின் மேல் கொண்டுவந்து நிறுத்தி, அதைப் பிடிக்க விடுங்கள். கண்ணில் படக்கூடாது. பட்டன் பேட்டரி கழன்று விழாமல் பாருங்கள், விழுங்கினால் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

பூதப்பாண்டி வாசகி: ஓட்டுவீடு. பல்லிக்குக் குறைவில்லை. பூனை அதைப் பிடித்தே பொழுதைக் கழிக்கிறது. பொம்மை எதற்கு?

பல்லியின் உடலில் பூனையின் கல்லீரலைத் தாக்கும் ஒரு தட்டைப்புழுவின் இளநிலை இருக்கலாம். நத்தையில் தொடங்கி, சிறு பூச்சி வழியாகப் பல்லிக்குள் வந்து, பல்லியைத் தின்ற பூனையின் பித்தநாளத்தில் வளர்ந்துவிடும். நிறையப் புழு சேர்ந்தால் மஞ்சள்காமாலை வரை போகும். பசி குறைந்து மெலிந்தால், ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரிந்தால் மருத்துவரிடம் பல்லி தின்னும் வழக்கத்தைச் சொல்லுங்கள். சாதாரணப் புழுமருந்து அளவு இதற்குப் போதாது. மாலையில் விளக்குப் போட்டதும்தான் பல்லி சுவருக்கு வரும். அந்த நேரத்தையே விளையாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

அருமனை வாசகர்: இணையத்தில் பூனைகளை மயக்கும் கேட்நிப் என்ற மூலிகையை விற்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஏதும் உண்டா?

உண்டு, உங்கள் வேலியோரத்திலேயே. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை. அதன் வேரை முகர்ந்ததும் பல பூனைகள் கன்னத்தைத் தேய்த்து, புரண்டு, எச்சில் வடிக்கும். கேட்நிப்பில் இந்த வேலையைச் செய்வது நெப்பெட்டலாக்டோன் என்ற பொருள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைகளுக்கே அது வேலை செய்யும், அதுவும் பிறவிக் குணம். குட்டிகள் சில மாதம் ஆகும்வரை அதைக் கண்டுகொள்வதில்லை.

குப்பைமேனியை முகரக் கொடுக்கலாம், தின்னக் கொடுக்கக் கூடாது. அந்தச் செடியில் சயனைடு வெளிவிடும் சேர்மம் இருக்கிறது. களைக்கொல்லி தெளிக்காத இடத்தில் பிடுங்கிய வேரை மண்போகக் கழுவி, விரல்நீளத் துண்டு ஒன்றை இரட்டைத் துணிக்குள் வைத்துச் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்துக் கொடுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்து மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். தரையிலேயே கிடந்தால் மூக்கு பழகி, அடுத்த நாள் கண்டுகொள்ளாது. சினைப்பூனைக்கும் குட்டிக்கும் வேண்டாம். துணியைக் கடித்துத் திறக்கும் பழக்கமுள்ள பூனைக்கும் வேண்டாம்.

கருங்கல் வாசகி: மூன்று மாதக் குட்டி. கையோடுதான் விளையாடும், கையெல்லாம் கீறல். பெரிதானால் சரியாகுமா?

பல் பெரிதாகும், பழக்கம் அப்படியே இருக்கும். குட்டியைக் கைவிரலால் சீண்டி விளையாடுவதை வீட்டில் எல்லாரும் இன்றே நிறுத்த வேண்டும், ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் பலிக்காது. கடித்தால் கையை உதறாதீர்கள், இரை துடிப்பதாக நினைத்து இன்னும் இறுக்கும். அசையாமல் வைத்து, மறுகையால் ஒரு பொம்மையை எறியுங்கள்.

அதற்கு உதைக்கிற தலையணை ஒன்று செய்யுங்கள். முன்காலால் கட்டிப்பிடித்துப் பின்காலால் உதைப்பது பூனைக்கு இயல்பு, அதற்குத் தக்க நீளம் வேண்டும். குட்டிக்கு 18 செ.மீ., வளர்ந்ததற்கு 30 செ.மீ., குறுக்களவு 7 செ.மீ. பழைய கைலியை இரட்டையாக மடித்துப் பை போலத் தைத்து, காட்டன் துணிக்கிழிசலை இறுக அடையுங்கள். தளர்வாக இருந்தால் பல் உள்ளே போய்த் தையலைப் பிரிக்கும். இலவம்பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டிகட்டும், கிழிந்தால் வீடெல்லாம் பறக்கும். கதம்பல் தும்பும், அதாவது தேங்காய் நாரும், ஈரத்தில் பூசணம் பிடிக்கும். நூல் வெளியே தெரியாமல் உட்புறம் தைத்துத் திருப்பி, கடைசி வாயை நெருக்கமாக இரண்டு வரிசை தையுங்கள். கீறல் ஆழமாக இருந்தாலோ கடித்து ரத்தம் வந்தாலோ, சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள். குட்டிக்கும் மூன்று மாதத்தில் அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும்.

சுசீந்திரம் வாசகர்: பூனைக்குப் பதினொரு வயது. எதைப் போட்டாலும் படுத்தபடி பார்க்கிறது. முன்பு ஜன்னல் திண்டுக்குத் தாவும், இப்போது இல்லை.

தாவாமல் நின்றுவிட்டதுதான் எங்களை யோசிக்க வைக்கிறது. இந்த வயதில் மூட்டுத் தேய்மானம் மிகச் சாதாரணம். பூனை நொண்டிக் காட்டாது, உயரத்தைத்தான் விட்டுவிடும். முதலில் மூட்டு, பல், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதித்து வாருங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரையை எந்த அளவிலும் கொடுக்க வேண்டாம், பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

படுத்தபடி கண்ணால் தொடர்வதும் விளையாட்டுதான், அதைக் குறைவாக எண்ணாதீர்கள். இரையைத் தரையோடு, மெதுவாக, முன்காலுக்கு எட்டும் தூரத்திலேயே ஊர்ந்து போகவிடுங்கள். ஒரு போர்வைக்கு அடியில் ஈர்க்கில் கட்டின் நுனியை நகர்த்தினால், எழாமலே கை நீட்டி அடிக்கும். மூன்று நான்கு நிமிடமாக, நாளுக்கு நான்கு முறை. ஜன்னலுக்குக் கீழே 15 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பெட்டி, அதற்கு அடுத்து 30 செ.மீ. உயரத்தில் இன்னொன்று என்று படிபோல வைத்து, மேலே வழுக்காத சாக்குத்துணியை ஆணியடித்துக் கொடுங்கள். ஆணித்தலை மேலே தெரியாமல் பக்கவாட்டில் அடியுங்கள்.